காடு என்னும் சொல்



1996ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் விந்தையானதொரு வினாவிற்கு விடை கூற நேர்ந்தது. காடு என்றால் என்ன என்பதே அவ்வினா. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு பொறாது, நிலம்பூரைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் வழக்குத் தொடுத்தார். அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்ட நிலம் மட்டுமே காடா, எழுதப்படாத நிலம் எத்துணை அடர்ந்து நின்றாலும் காடு ஆகாதா என்னும் சிக்கல் அவ்வழக்கில் எழுந்தது. காடு என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருளையே கொள்ள வேண்டும் என்றும், நிலம் யாருடைய உடைமை என்று பார்க்க வேண்டியதில்லை என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது.

நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே காட்டைக் காக்க அகராதியின் துணையை நாடியது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, அப்பொருள் மீண்டும் குறுகிவிடுமோ என்ற அச்சம் பிறந்தது. 1996ஆம் ஆண்டு ஆணையில் சொன்ன அகராதிப் பொருளையே பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் இடைக்கால ஆணை வந்தது. ஒரு சொல்லின் பொருள் விரிந்தால் நிலம் காடாக நிற்கிறது. அது சுருங்கினால் அதே நிலம் மனையாகவும் சுரங்கமாகவும் மாறுகிறது. சொல்லோடு வாழ்கின்ற கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் இதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமானதே.

தமிழில் காட்டின் பெயர்கள்

காடு என்ற பொருளைத் தரும் தமிழ்ச் சொற்கள் பல. கான், கானம், கடறு, அடவி, புறவு, இறும்பு, பொதும்பர், மிளை, சோலை, பொழில், தண்டலை, கா எனப் பட்டியல் நீளும். நிகண்டுகள் இவற்றைத் தொகுத்து வைத்துள்ளன. ஆயினும் இலக்கிய வழக்கில் இவை ஒன்றற்கொன்று மாற்றாக வருவன அல்ல. இறும்பு என்பது குறுங்காடு. பொதும்பர் என்பது கிளைகள் பின்னிக் கவிந்து ஒளி புகாத செறிவு. புறவு என்பது ஆநிரை மேயும் முல்லைநிலத்துத் திறந்த காடு. மிளை என்பது அரணைச் சூழ்ந்து நிற்கும் காவற்காடு. கொங்கு நாட்டு உழவர் இன்றும் தம் மானாவாரி நிலத்தைக் காடு என்றே அழைக்கின்றனர். ஆலங்காடு, வேற்காடு, மறைக்காடு, களக்காடு என ஊர்ப்பெயர்களிலும் காடு நின்று நிலவுகிறது.

இப்பெயர்களை வரிசையாக வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவற்றுள் எதுவும் மரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அமைந்ததன்று. நிலத்தின் சரிவு, நிழலின் செறிவு, மேயும் உயிர், வாழும் மனிதர், பயன்படும் முறை ஆகியவற்றைக் கொண்டே நம் முன்னோர் பெயரிட்டனர்.

தொல்காப்பியர் முல்லையைக் காடு சார்ந்ததோர் உலகம் என்று கண்டார். தோப்பு என்றோ நிலம் என்றோ குறிக்காமல் உலகம் என்று அவர் குறித்தது எண்ணி மகிழத்தக்கது. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என எட்டினை அவர் நிரல்படுத்துகிறார். அவ்வெட்டனுள் மரம் ஒன்று. எஞ்சிய ஏழும் இல்லாமல் மரம் மட்டும் நின்றால் அது திணை ஆகாது. திருவள்ளுவரும் நாட்டின் அரணை வகுக்கும்போது தெளிந்த நீர், நிலம், மலை ஆகியவற்றோடு நிழல் செறிந்த காட்டையும் சேர்த்தே சொன்னார். மதிலுக்கு நிகரான காவல் காட்டிற்கும் உண்டு என்பது அவர் கருத்து.

இப்பார்வை நூல்களில் மட்டும் நிலைத்து, நிலத்தில் மறைந்தால் என்ன நேரும்? இதற்கு நீலகிரி சான்றாக நிற்கிறது.

சோலையும் புல்வெளியும்

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் உச்சிப் பகுதிகளில் இயற்கை ஒரு தனி அமைப்பைப் படைத்துள்ளது. மலை மடிப்புகளில், ஓடை பிறக்கும் பள்ளங்களில், குட்டையான மரங்கள் நெருங்கிய காடுகள் ஒடுங்கி நிற்கின்றன. அவற்றிற்குச் சோலை என்று பெயர். உலகெங்கும் உள்ள தாவரவியலார் இத்தகைய காட்டைக் குறிக்க இந்தச் சொல்லையே பயன்படுத்துகின்றனர். சோலைக்கு வெளியே சரிவெங்கும் புல்வெளி பரந்திருக்கும். உறைபனி விழும் சரிவுகளில் சோலை மரத்தின் இளங்கன்று பிழைப்பது அரிது. அங்கே புல்லே நிலைக்கிறது. நீலகிரிச் சதுப்புகளின் மண்ணடுக்குகளை ஆராய்ந்து 1993இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல்வகை செழித்திருந்ததைக் காட்டிற்று. ஆகவே அப்புல்வெளி மனிதன் காட்டை அழித்ததனால் உண்டான வெறுமை அன்று. அது சோலையின் உடன்பிறப்பு.

இவ்விரண்டும் சேர்ந்து செய்யும் தொழில் நீரைக் காப்பது. பருவமழையையும் மூடுபனியின் ஈரத்தையும் சோலையின் இலைச்சருகும் பாசியும் கருமண்ணும் பஞ்சுபோல் உறிஞ்சுகின்றன. புல்லின் வேர்ப்பின்னல் மண்ணைப் பிடித்து, நீரைச் சரிவுக்கடியில் மெல்ல நகர்த்திச் சதுப்புக்குச் சேர்க்கிறது. மழை ஓய்ந்த பின்னும் திங்கள் பல ஓடையில் நீர் கசிவது இதனாலேயே. முக்கூர்த்திப் பகுதியில் பிறக்கும் பைக்காரா ஆறு மோயாறாகி இறங்குகிறது. மோயாறு பவானியோடு பவானிசாகர் அணையில் கலக்கிறது. 1955இல் முடிக்கப்பட்ட அவ்வணையிலிருந்து கீழ்பவானிக் கால்வாய் இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்குப் பாசனம் தருகிறது. ஈரோட்டுச் சமவெளியில் மஞ்சளும் நெல்லும் விளைவதற்கு மலையுச்சியின் புல்லும் ஒரு காரணம். மருதத்தின் வேர் குறிஞ்சியில் இருக்கிறது.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிய பின் நீலகிரியின் வரலாறு திசைமாறிற்று. ஆங்கிலேயரின் வருவாய்க் கணக்கில் அப்புல்வெளிகள் தரிசாகவே தோன்றின. மரமில்லாத நிலத்தைக் குறையுள்ள நிலமாகக் கருதும் மனம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆஸ்திரேலியாவின் மரங்கள் அங்கு வந்து சேர்ந்தன. மக்கள் சீகை என்றழைக்கும் வாட்டில், கற்பூர மரம் என்றும் தைல மரம் என்றும் அழைக்கும் யூகலிப்டஸ் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. முதலில் விறகுக்காக நடப்பட்டன. பின்னர்த் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் பெருகின. விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் புல்வெளிகளில் இம்மரங்களை நடுவது வளர்ச்சிப் பணியாகவே நடைபெற்றது. மரம் நடுவது நற்செயல்; ஆகவே புல்லில் மரம் நடுவதும் நற்செயல் என்று எல்லாரும் நம்பினர்.

அந்த நம்பிக்கைக்கு ஓடைகள் மறுமொழி கூறின. நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் புல்வெளியாகவே விடப்பட்ட ஒரு சிறு நீர்ப்பிடிப்பையும், ஒரு பகுதியில் யூகலிப்டஸ் நட்ட மற்றொன்றையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு அளந்தனர். மரம் நட்ட இடத்தில் முதற் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரங்கள் மீண்டும் துளிர்த்து வளர்ந்த அடுத்த சுழற்சியில் குறைவு இன்னும் மிகுந்தது. பழனிமலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நான்கு பத்தாண்டுகளில் மறைந்துவிட்டது என்று 2018இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. புல்வெளியை விழுங்கியவற்றுள் கோடரியை விட நாற்றின் பங்கே பெரிது என்பதுதான் இதன் துயரம்.

தனக்கென நிலமில்லாத பாலை எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் விளக்கினார். வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் தன்மை கெடும்போது பாலை தோன்றும் என்றார் அவர். பசுமையாக ஒரு பாலை தோன்றக்கூடும் என்பதை நீலகிரியின் யூகலிப்டஸ் தோட்டங்கள் காட்டுகின்றன. அங்கே மரம் உண்டு. நிழலும் ஓரளவு உண்டு. வரையாடு மேயப் புல் இல்லை. குறிஞ்சிக்கு இடமில்லை. ஓடையில் கோடைக்கு நீர் இல்லை.

மந்தின் பாடல்கள்

நிலம் மாறும்போது முதலில் இழப்பவர் அந்நிலத்தில் வாழ்பவரே. நீலகிரிப் புல்வெளியைத் தம் உலகமாகக் கொண்டவர்கள் தோடர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். அவர்களுடைய ஊருக்கு மந்து என்று பெயர். எருமையே அவர்களுக்குச் செல்வமும் சமயமும். பாற்கோயிலில் பூசை செய்வோரும், எருமையின் தலைமுறையை நினைவில் வைத்திருப்போரும் அவர்களிடையே மதிக்கப்படுவர். கோயிலின் வளைந்த கூரையை வேய்வதற்கும் மலைப்புல்லே வேண்டும்.

எழுத்து வடிவம் இல்லாத திராவிட மொழி பேசும் இம்மக்களிடம் வளமான வாய்மொழிக் கவிதை மரபு உண்டு. 1930களின் பிற்பகுதியில் அவர்களிடையே பணியாற்றிய மொழியியல் அறிஞர் எம். பி. எமனோ, அப்பாடல்களைத் திரட்டி 1971இல் பெருநூலாக வெளியிட்டார். இணை இணையாக வரும் தொடர்களால் அப்பாடல்கள் அமைந்தவை. எருமைகளின் பெயரும் இடங்களின் பெயரும் அவற்றில் அடுக்கி வரும். பெயர் சொல்வதே அங்குக் கவிதையின் உயிர். ஒரு மேய்ச்சல் வெளி தோட்டமாகும்போது எருமைக்குப் புல் போகிறது. பாடலில் வரும் பெயருக்கு உரிய இடமும் போகிறது. பாட்டு ஏட்டில் இருக்கும்; சுட்டிக் காட்ட நிலம் இராது. கவிஞர்கள் இவ்விழப்பை மற்றவரினும் நன்கு உணர்வர்.

காட்டையும் காட்டு மக்களையும் பிரித்து வைக்கும் சட்டங்கள் ஆங்கிலேயர் காலத்தில் பிறந்தன. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் அவற்றுள் ஒன்று. தலைமுறையாகத் தேனும் கிழங்கும் எடுத்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்களாயினர். பழங்குடியினர்க்கு நேர்ந்தது வரலாற்று அநீதி என்பதை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனைமலையில் வாழும் ஒரு குலத்தார்க்குக் காடர் என்றே பெயர். காட்டின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர்கள் காட்டிற்குள் இருக்க அனுமதி கேட்டு நிற்கும் நிலை எண்ணத் துயர் தருவது.

காடு கொடுத்த வாழ்வும் காடு திருத்திய புகழும்

இங்கு நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் இலக்கியம் காட்டைப் போற்றியது போலவே காட்டைத் திருத்தியவரையும் போற்றியது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனுடைய சிறப்புகளைக் கூறுங்கால், அவன் காட்டை அழித்து மக்கள் வாழும் நாடாக்கியதையும் குளங்கள் தோண்டியதையும் பெருமையாகவே பேசுகிறார். பஞ்சம் தீர வேண்டுமாயின் வயல் வேண்டும். வயலுக்கு நிலம் வேண்டும். அன்றைய காடு பெரிது, நாடு சிறிது. அப்புகழுரையை இன்றைய அளவுகோலால் பழிப்பது முறையன்று.

ஆயினும் அதே சங்கத் தொகையில் பாரியின் பறம்பும் இருக்கிறது. ஏர் தொடாமலே அம்மலை மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என நால்வகை உணவு தரும் என்று முற்றுகையிட்ட வேந்தர்களிடம் கபிலர் எடுத்துரைத்தார். கரிகாலனின் நாடும் பாரியின் காடும் ஒன்றை ஒன்று தாங்கி நின்றதே பண்டைத் தமிழகம். ஒன்று மற்றொன்றை முழுதும் விழுங்கிவிட்டால் இரண்டுமே நில்லா. கரிகாலன் தோண்டிய குளத்திற்கு நீர் வர வேண்டுமாயின் எங்கோ ஒரு மலையில் பாரியின் காடு இருந்தாக வேண்டும்.

சமவெளி மக்களும் இதனை அறிந்திருந்தனர். ஐயனார்க்கும் அம்மனுக்கும் விடப்பட்ட கோயிற்காடுகள் ஊர்தோறும் இருந்தன. அங்கே ஒரு கிளையை ஒடிக்கவும் மக்கள் அஞ்சினர். உசிலையும் வீரையும் பாலையும் இன்னும் சில ஊர்களில் எஞ்சி நிற்கின்றன என்றால் அந்த அச்சமே காரணம். கோயில் கோபுரமாக உயர உயர, கோயிற்காடு சுருங்கி வருவதையும் பலர் கண்டிருக்கக்கூடும்.

எண்ணும் சொல்லும்

இன்று காட்டை அளப்பது செயற்கைக்கோள். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை பத்து விழுக்காட்டிற்கு மேல் இருந்தால், இந்திய வனக் கணக்கெடுப்பு அதனை வனப்பரப்பாகக் கொள்கிறது. நிலம் யாருடையது, மரம் எவ்வினத்தது என்ற கேள்வி அங்கு இல்லை. அதனால் தென்னந்தோப்பும் யூகலிப்டஸ் தோட்டமும் கணக்கில் சேரும். வரையாடு மேயும் முக்கூர்த்திப் புல்வெளியில் மரக்கவிகை இல்லாமையால் அது அக்கணக்கில் வனப்பரப்பாக ஏறாது. ஒரு புல்வெளி அழிந்து தோட்டமானால், அறிக்கையில் வனம் வளர்ந்ததாகத் தோன்றும். எண்ணில் பிழையில்லை, காடு என்னும் சொல்லின் பொருளில்தான் பிழை.

மாற்றம் தொடங்கியிருப்பதும் மறைக்கத்தக்கதன்று. அயல் தாவரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வகுத்தது. மாநில விலங்கான வரையாட்டைக் காப்பதற்குத் தனித் திட்டமும் வந்தது. ஆனால் வாட்டிலை வெட்டிய மறுநாளே சோலை திரும்பாது. வெட்டிய நிலத்தை உண்ணிச்செடி முதலிய களைகள் முந்திக்கொண்டு பற்றுவதுண்டு. அம்மரங்களின் விறகையும் தைலத்தையும் நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களும் மலையில் உள்ளன. எந்தப் புல் எந்தச் சரிவுக்கு உரியது, அதன் விதை எப்போது முதிரும் என்பதை அறிந்தவர்கள் அந்நிலத்து மக்கள். அவர்களை உடன் வைத்துக்கொள்ளாமல் மலையை மீட்க இயலாது.

கவிஞர்க்குரிய பணி

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கினார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, கிடைத்த ஏடுகளில் அம்மலர்ப் பகுதி சிதைந்து கிடந்தது. அவர் மனம் தளராமல் தேடித் தருமபுர ஆதீனத்து ஏடுகளில் அதனைக் கண்டெடுத்தார். பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. ஓலையில் உதிர்ந்த மலர்களை ஒருவர் மீட்டார். இன்று அப்பெயர்கள் அச்சில் நிலைத்துள்ளன. அவற்றுள் எத்தனை மலர்களைத் தமிழ் படிப்போர் கண்ணால் கண்டிருப்பர்? பாடம் சொல்வோரும் உரைகாரர் தந்த விளக்கத்தைச் சொல்லி அடுத்த அடிக்குச் சென்றுவிடுவதே பெரும்பாலும் நிகழ்கிறது. அன்று பெயர் தொலைந்தது, மலர் இருந்தது. இன்று பெயர் இருக்கிறது, மலர் தொலைகிறது.

கவிதையிலும் இந்நிலை காணப்படுகிறது. மரம், பறவை, மலர், காடு என்ற பொதுச்சொற்கள் புதுக்கவிதைகளில் நிரம்ப வருகின்றன. எந்த மரம், எந்தப் பறவை என்ற குறிப்பு அருகி வருகிறது. பொதுச்சொல்லால் பாடப்படும் மரத்தை வெட்டிவிட்டு வேறொன்றை நட்டாலும் கவிதைக்கு இழப்பு நேராது. பெயர் சொல்லிப் பாடப்பட்ட மரத்திற்கு ஈடு கிடையாது. நற்றிணையில் ஒரு தலைவி புன்னை மரத்தைத் தன் உடன்பிறந்தவளாக எண்ணி, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். அங்கே புன்னை என்பதை அழித்து மரம் என்று எழுதினால் அந்த நாணமே பொய்யாகிவிடும்.

ஆகவே கவிஞர்க்கு ஒரு சிறு வேண்டுகோள். தம் ஊரைச் சுற்றியுள்ள குன்றிலோ கோயிற்காட்டிலோ ஏரிக்கரையிலோ வளரும் பத்துச் செடிகொடிகளின் பெயர்களை, அவற்றோடு வாழும் மக்களின் வாயிலிருந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும். மாடு மேய்ப்பவரிடமும், விறகு பொறுக்கும் மூதாட்டியிடமும், மருந்துக்கு இலை பறிப்பவரிடமும் அப்பெயர்கள் இன்னும் உள்ளன. அவர்களுக்குப் பின் அவை நிற்குமா என்பது கேட்பவரைப் பொறுத்தது. வட்டத்தின் திங்கள்தோறும் நிகழும் கூட்டத்தில் ஒருவர் ஒரு பெயரைக் கொண்டுவந்தாலும், காடு என்னும் சொல்லின் பொருள் அத்துணை அளவு விரியும். நாளை ஒரு மன்றம் மீண்டும் அகராதியைத் திறக்குமானால், அதில் எழுதப்பட்டிருக்க வேண்டியவை அவை.

இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. பத்தாண்டு என்பது நீலக்குறிஞ்சியின் ஒரு பருவத்திற்கும் குறைந்த காலம். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து ஒருமுறை மலரும் அச்செடி 2006இலும் 2018இலும் பூத்தது. மறுமுறை 2030இல் பூக்க வேண்டும். புல்வெளிச் சரிவு எஞ்சியிருந்தால் அது பூக்கும். அதன் நீலத்தைப் பாடுவதற்கு வட்டத்தின் கவிஞர்கள் மலையேறும் நாளில், அவர்கள் பாட வேண்டிய மலர் அங்கே இருக்க வேண்டும் என்று வாழ்த்தி இவ்வுரை நிறைவுறுகிறது.